ஆக்லாந்தின் பச்சை மதில்கள்

நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்தில் உயிர்வேலியின் வேலை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1840-களில் ஆடுமாடுகளைத் தடுக்க அது நடப்பட்டது. பழத்தோட்டங்கள் பெருகியபோது காற்றைத் தடுக்க நடப்பட்டது. மனைகள் சுருங்கத் தொடங்கிய பிறகு, பக்கத்து வீட்டுப் பார்வையைத் தடுக்க நடப்படுகிறது. வேலை மாறியபோதெல்லாம் செடியும் மாறியது. ஒவ்வொரு முறையும் சீக்கிரம் வளரும் செடியைத் தேடி மக்கள் கடல்கடந்து போனார்கள். அப்படிக் கொண்டுவந்தவற்றில் பல, வேலியில் நிற்காமல் காட்டுக்குள் இறங்கின. இந்த நகரத்துக் களைகளின் வரலாற்றை அதன் வேலிகளை விட்டுவிட்டு எழுத முடியாது.

வடக்கே வைத்தமாத்தா துறைமுகம், தெற்கே மானுகாவ் துறைமுகம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஆக்லாந்து அமைந்திருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் இங்கே வெடித்து அடங்கியிருக்கின்றன. அவற்றைச் சுற்றி நீர் உடனே வடியும் வளமான மண். மற்ற இடங்களில் மழைக்காலத்தில் சேறாகிக் கோடையில் வெடிக்கும் களிமண். ஆண்டு மழை 1,100 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. குளிர் மிகுந்த ஜூலையில்கூடச் சராசரி வெப்பம் 11 டிகிரி. கோடையில் 20 டிகிரி. உறைபனி அரிது. செடிகளுக்கு இங்கே முழு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. நியூசிலாந்தின் சொந்த மரங்களில் குளிர்காலத்தில் இலையை முழுவதும் உதிர்ப்பவை மிகச் சில; காடு பன்னிரண்டு மாதமும் பச்சையாகவே நிற்கும். ஆண்டு முழுவதும் மறைவு தரும் வேலிக்கு ஏற்ற செடிகள், குடியேறிகள் கப்பலிலிருந்து இறங்கிய கரையிலேயே இருந்தன. அதை அவர்கள் உணர நெடுங்காலம் பிடித்தது.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த நிலம் தோட்ட நிலம். மாவோரிகள் தாமாக்கி மகௌராவ் என்று அழைக்கும் இந்தப் பகுதியின் எரிமலை மண்ணில் அவர்கள் குமரா என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயிரிட்டார்கள். வெப்பமண்டலப் பசிபிக் தீவுகளிலிருந்து வந்த பயிர் அது. குளிர்காற்று அதற்கு ஆகாது. நிலத்திலிருந்து பொறுக்கிய கற்களை வரிசையாகவும் மேடாகவும் அடுக்கி மண்ணின் சூட்டைக் காத்தார்கள். மானுகாப் புதர்க் கிளைகளாலும் நாணலாலும் வேலி கட்டிக் காற்றையும் கிழங்கைக் கிளறும் பறவைகளையும் தடுத்தார்கள். மாங்கெரேயில் உள்ள ஒட்டுவாடௌவா கல்வயல்களில் அந்தக் கல்வரிசைகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1769-இல் கேப்டன் குக்குடன் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், இதே தீவின் கிழக்குக் கரையில் எலிகூட நுழைய முடியாதபடி நெருக்கமாக நாணல் நட்ட தோட்ட வேலிகளைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். இவை உயிரற்ற வேலிகள்தாம். ஆனால் ஆக்லாந்தில் வேலிக்கு முதல் தேவை காற்றால் எழுந்தது என்பதை அவை சொல்கின்றன.

1840 செப்டம்பர் 18-ஆம் நாள் ஆளுநர் வில்லியம் ஹாப்சனின் அதிகாரிகள் வைத்தமாத்தா கரையில் கொடியேற்றி ஆக்லாந்தை நிறுவினார்கள். நிலம் ங்காட்டி ஃபாத்துவா என்னும் மாவோரி மக்களிடமிருந்து பெறப்பட்டது. புதிய ஊரில் மாடும் பன்றியும் கட்டவிழ்ந்து திரிந்தன. விதைத்தவனுக்கு வேலி இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை. மவுண்ட் ஈடன், எப்சம் போன்ற எரிமலைச் சரிவுகளில் வேலிக்குப் பஞ்சமில்லை. உழுவதற்காக அகற்றிய கருங்கற்களைச் சுண்ணாம்பில்லாமல் அடுக்கியே சுவர் எழுப்பினார்கள். பழைய குடியிருப்புகளில் அந்தச் சுவர்கள் இன்றும் மனை எல்லையாக நிற்கின்றன. கல் இல்லாத களிமண் நிலத்தில் கவுரி மரத்தைப் பிளந்து வேலி போடலாம், அல்லது செடி நடலாம். வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் பொதுநிலங்கள் தனியார் வயல்களாக அடைக்கப்பட்ட காலத்தைப் பார்த்தவர்கள், அல்லது அதைப் பார்த்தவர்களின் பிள்ளைகள். நிலம் என்றால் அதைச் சுற்றி முள்வேலி என்பது அவர்களுக்கு ஊறிப்போன எண்ணம்.

அப்படி வந்தவைதான் கோர்ஸும் ஹாதார்னும். கோர்ஸ் ஐரோப்பாவின் மேற்குக் கரைக்குரிய முட்புதர். என்றும் பச்சையாக இருக்கும், மஞ்சளாகப் பூக்கும், இளந்தளிரைக் கால்நடை தின்னும். விதையை வரப்பில் தூவினால் போதும், சில ஆண்டுகளில் மாடு நுழையாத வேலி தயார். 1835 டிசம்பரில் ஆக்லாந்துக்கு வடக்கே வைமாதே மதப்பணித் தலத்துக்கு வந்த சார்லஸ் டார்வின், அங்கே கோர்ஸ் வேலி நடப்பட்டிருந்ததைக் குறித்திருக்கிறார். அடுத்த அரை நூற்றாண்டில் அது நாடு முழுவதும் பரவியது. பிறந்த நாட்டில் அதை அடக்கி வைத்த கடுங்குளிரும் பூச்சிகளும் இங்கே இல்லை. இங்கே ஆண்டுக்கு இருமுறை பூத்தது. முற்றிய காய் வெடித்து விதையைத் தெறிக்கவிடும்; அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கொளுத்தினால் சாம்பலிலிருந்து ஆயிரமாக முளைக்கும். 1900-இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் தீங்குக் களைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியபோது, வேலிக்காகக் கொண்டுவந்த செடிகள் அதன் குறியில் இருந்தன. 1931-இல் கோர்ஸ் விதையைத் தின்னும் கூன்வண்டை ஐரோப்பாவிலிருந்து தருவித்து விட்டார்கள். இன்னும் அந்தப் போர் முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஆக்லாந்துக்குத் தெற்கே வைகாட்டோவிலும் கிங் கன்ட்ரியிலும் செய்த முதல் வேலைகளில் ஒன்று புதர் வெட்டுவது.

தமிழ் வாசகருக்கு இந்தச் செடி அந்நியமல்ல. ஆங்கிலேயர் உதகையிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் அதைக் கொண்டுபோய் விட்டார்கள். நீலகிரியின் புல்வெளிகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அது இன்று அகற்ற முடியாத களை. ஆக்லாந்தில் கோர்ஸ் விதை தூவப்பட்ட அதே பத்தாண்டுகளில் இந்தியாவில் உப்புவரிக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளச் சுங்கக் கோட்டில் கள்ளியும் கருவேலமும் களாவும் நட்டு உயிர்வேலி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1879-இல்தான் அது கைவிடப்பட்டது. பேரரசின் நிர்வாகத்துக்கு உயிர்வேலி ஒரு கருவி. எந்த மண்ணில் எது நடப்படுகிறது, நட்டபின் அது என்ன செய்யும் என்ற கேள்வி அந்த நிர்வாகத்துக்கு எழவே இல்லை. ஆக்லாந்து அருங்காட்சியகத்தின் காப்பாளர் தாமஸ் சீஸ்மன் 1882-இலேயே ஆக்லாந்து மாகாணத்தில் தாமாகப் பரவிவிட்ட வெளிநாட்டுச் செடிகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை வாசித்தார். எச்சரிக்கை காலத்தோடு வந்துவிட்டது, நடுவதுதான் நிற்கவில்லை.

ஹாதார்னின் கதை வேறு விதமாக முடிந்தது. அது குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். ஆப்பிள், பேரி ஆகியவற்றின் குடும்பம். ஆக்லாந்தைச் சுற்றியிருந்த பழத்தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் அது எல்லை வேலி. 1919-இல் ஆக்லாந்தில் தீக்கருகல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்தப் பாக்டீரியா நோய், அந்தக் கண்டத்துக்கு வெளியே முதன்முதலில் தென்பட்டது இங்கேதான். நெருப்பில் வாட்டியதுபோலப் பூவும் கிளைநுனியும் கருகும். பூக்கும் காலத்தில் தேனீயும் மழைத்துளியும் அதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்த ஹாதார்ன் வேலிகள் நோய்க்குப் பாலமாகிவிட்டன. 1922-இல் தீக்கருகல் நோய்க்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பழத்தோட்ட மாவட்டங்களில் ஹாதார்னைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நில உரிமையாளர் மேல் விழுந்தது. பண்ணைகளில் கம்பிவேலி ஏற்கெனவே பரவியிருந்தது; முள்வேலியின் காலம் அத்தோடு இறங்கத் தொடங்கியது.

கம்பி மாட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. மேற்கிலிருந்து டாஸ்மன் கடல் தாண்டி வரும் காற்று ஆக்லாந்தின் மேல் ஆண்டின் பெரும்பகுதி வீசுகிறது. அதனால் கம்பிக்குப் பக்கத்தில் உயரமான மரவேலி வந்தது. இதற்குப் பெரிதும் நடப்பட்டது கலிபோர்னியாவின் மான்டெரே கரையில் மட்டும் இயற்கையாக வளரும் மக்ரோகார்ப்பா சைப்ரஸ். சொந்த ஊரில் சில நூறு ஏக்கரில் ஒடுங்கிக் கிடந்த மரம் 1860-களில் நியூசிலாந்துக்கு வந்து நாட்டின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. வெட்டினால் அடர்ந்து சுவராகும். ஆனால் முற்றிய கட்டைவரை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்காது. சினைமாடு அதன் இலையைத் தின்றால் கரு கலைந்துவிடும். புண்நோய் வந்தால் வேலியின் நடுவே மரம் மரமாகக் காயும். இமயமலையின் பார்பெரி முட்செடியும் இந்தியாவிலிருந்து வந்து வைகாட்டோ, டாரனாக்கிப் பண்ணைகளில் வேலியானது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று காடுகளுக்குக் கொண்டுசென்றன. ஆஸ்திரேலியாவின் ஹாக்கியா, கவுரிப் பிசின் தோண்டி எரித்துவிட்டுப் போன வறண்ட நிலங்களில் பரவியது. அதன் மரக்காய் நெருப்புப் பட்டால் வெடித்து விதை விடும். பிசின் தோண்டியவர்கள் வைத்த நெருப்பு அதற்கு விதைப்பு ஆனது.

1902-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் நகரம் தெற்கிலும் மேற்கிலும் நீண்டது. கிரே லின், மவுண்ட் ஆல்பர்ட், சாண்ட்ரிங்காம் என்று மரவீடுகள் வரிசையாக எழுந்தன. அடுத்த அரை நூற்றாண்டுக்குக் கால் ஏக்கர், நம் கணக்கில் 25 சென்ட், ஒரு சராசரிக் குடும்பத்தின் கனவு மனை. அந்தக் காலத்து வேலி இன்றைய கண்ணுக்கு வியப்பாக இருக்கும்: முன்புறம் இடுப்பளவுதான். வீடு தெருவைப் பார்க்க வேண்டும், தெரு வீட்டைப் பார்க்க வேண்டும், புல்வெளி ஒழுங்காக வெட்டியிருப்பதை எல்லோரும் காண வேண்டும். காய்கறிப் பாத்தி, கோழிக்கூண்டு, துணிக்கொடி எல்லாம் கொல்லையில். இடம் தாராளமாக இருந்ததால் மறைவுக்குத் தூரமே போதும். வேலியை அளவெடுத்து வெட்டுவது குடும்பத் தலைவரின் வாரக்கடைசி வேலை. தாறுமாறாக வளர்ந்த வேலி அந்த வீட்டின் மதிப்பையே குறைத்துவிடும்.

இந்த இடுப்பளவு வேலிக்கு இங்கிலாந்துப் பழக்கம் பிரிவெட்டைக் கொண்டுவந்தது. எந்த மண்ணிலும் வளரும், எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கும், குச்சியை நட்டாலே பிடிக்கும். ஆக்லாந்தின் மிதமான குளிரில் அது இலை உதிர்ப்பதே இல்லை. வெட்டிக்கொண்டே இருக்கும்வரை பூக்காது. பராமரிப்பு நின்ற இடத்தில் பூத்துக் காய்த்தது. சீனப் பிரிவெட்டும் மரப் பிரிவெட்டும் பறவைகள் வழியாக ஓடைக்கரைகளையும் காட்டோரங்களையும் நிரப்பின. கோடையில் அதன் பூவாசம் பரவும்போது மூச்சுத்திணறலும் தும்மலும் கூடுவதாக மக்கள் முறையிட்டார்கள். பல ஆண்டுகள் நகர நிர்வாகத்துக்கு வந்த செடிப் புகார்களில் இது முன்னணியில் இருந்தது. இப்போது இரு பிரிவெட்டுகளையும் ஆக்லாந்தில் விற்கவோ பெருக்கவோ கூடாது. தாவரவியலாளர் ஆலன் எஸ்லர் 1980-களில் நகரப்பகுதியில் தாமாகப் பரவிவிட்ட வெளிநாட்டுச் செடிகளை எண்ணியபோது அவை அறுநூறைத் தாண்டின. உலகின் களை நகரம் என்ற பெயர் ஆக்லாந்துக்கு ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் கரையோரப் பாறைகளில் வேலிக்கென்றே பிறந்ததுபோல ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது. காரோ எனப்படும் பிட்டோஸ்போரம், தடித்த இலையின் அடியில் வெண்பஞ்சு படர்ந்தது. உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்லாந்துத் தோட்டங்களில் அது வேலியாகி, அங்கிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சில்லித் தீவுகளுக்கும் போனது. அங்கே குளிர்காலப் பூ வயல்களைப் புயலிலிருந்து காப்பது இன்றும் காரோ வேலிதான். அதன் உறவான தராத்தாவின் அலைவிளிம்பு இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணக்கும். இன்னொரு உறவான கோஹூஹூவின் கருந்தண்டும் சிறு இலையும் பூக்கடைக்காரர்களுக்குப் பிடித்தவை. நீலகிரிச் சோலைக்காடுகளிலும் இந்த இனத்துக்குச் சொந்தங்கள் உண்டு. தமிழ்நாட்டுக் குன்றுகளில் வளரும் விராலியும் நியூசிலாந்தின் அகேஅகேயும் ஒரே தாவரம். இரு நாட்டிலும் வறட்சி தாங்கி வேலிக்கு உதவுகிறது. பளபளக்கும் இலை கொண்ட தௌபாத்தா கடற்கரை மனைகளுக்கும், மெதுவாக வளர்ந்தாலும் நூறாண்டு நிற்கும் தோத்தரா பெரிய மனைகளுக்கும் பொருந்தின. கபுகா எனப்படும் கிரிசெலினியாவின் ஆப்பிள்பச்சை இலைக்கு ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகி, வரிசையின் நடுவே ஒன்றிரண்டு திடீரென்று காய்ந்துவிடும். எரிமலை மண்ணில் நட்டவருக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரே நகரத்தில் ஒரு தெருவின் வேலி அடுத்த தெருவுக்கு ஒத்துவராதது இதனால்தான்.

சொந்தச் செடிகளுக்கு மதிப்பு ஏறியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. ஜெர்மனியில் பிறந்து ஆக்லாந்தில் குடியேறிய தோட்ட வடிவமைப்பாளர் ஓடோ ஸ்ட்ரேவே, புதிய பாணி வீடுகளுக்கு உள்நாட்டுச் செடிகளைக் கொண்டு தோட்டம் அமைத்தார். பர்க்கன்ஹெட்டில் மியூரியல் ஃபிஷர் உள்நாட்டுச் செடிகளை வளர்த்துப் பரப்பி, அவற்றைத் தோட்டத்தில் நடுவது எப்படி என்று 1970-இல் வெளியான நூலிலும் எழுதினார். இருவரும் செய்தது பெரிய பணி. காட்டுச் செடி என்று ஒதுக்கப்பட்டவற்றை நர்சரியின் விற்பனைப் பலகைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தாம்.

வெளியிலிருந்து வந்தும் கெடுதி செய்யாத வேலி ஒன்று உண்டென்றால் அது ஃபெய்ஜோவா. பிரேசிலின் தென்பகுதிக்கும் உருகுவேக்கும் உரிய இந்தச் செடி கொய்யாவின் குடும்பம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்துக்கு வந்த அதன் வகைகளைப் பரப்பியவர்களில் ஆக்லாந்தின் ஏவன்டேலில் நர்சரி நடத்திய ஹேவர்ட் ரைட் முக்கியமானவர். கிவிப்பழத்தின் உலகப் புகழ்பெற்ற வகைக்கு இருப்பது இவர் பெயர்தான். ஃபெய்ஜோவாவின் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. காற்றைத் தாங்கும், களிமண்ணைத் தாங்கும், வெட்டுக்கு அடர்ந்து கொடுக்கும். இனிக்கும் சதைப்பற்றான பூவிதழைத் தின்ன வரும் கரும்பறவையும், இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மைனாவும் தலையில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்க் காய்பிடிக்க வைக்கின்றன. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பழம் வேலியடியில் உதிரும். கூடையில் நிரப்பித் தெருவாசலில் வைத்துவிடுவது ஆக்லாந்து வழக்கம். கவாத்து செய்யும் காலத்தை மட்டும் கவனிக்க வேண்டும். பழம் முடிந்த உடன் வெட்டினால் மறுபருவம் பூக்கும். வசந்தத்தில் வெட்டினால் வேலி மிஞ்சும், பழம் மிஞ்சாது.

1959 மே மாதம் துறைமுகப் பாலம் திறந்ததும் வடகரை குடியிருப்பாக நிரம்பியது. நகரத்தின் உள்பகுதிகளில் வேறொரு மாற்றம் நடந்தது. 1960-கள் முதல், கால் ஏக்கர் மனையின் கொல்லையில் இரண்டாவது வீடு கட்டி, நிலத்தை இருவரும் கூட்டாக வைத்துக்கொண்டு அவரவர் வீட்டை 999 ஆண்டுக் குத்தகையில் அனுபவிக்கும் கிராஸ் லீஸ் முறை பரவியது. கொல்லையே மறைவிடமாக இருந்த வீட்டுக்கு இப்போது கொல்லைக்குள் ஒரு சன்னல் முளைத்தது. உயிர்வேலி தலைக்கு மேல் உயர வேண்டிய தேவை இங்கிருந்து தொடங்குகிறது.

சீக்கிரம் மறைக்க வேண்டும் என்ற அவசரத்துக்கு நர்சரிகள் இரண்டு விடை வைத்திருந்தன. ஒன்று லேலண்ட் சைப்ரஸ். வேல்ஸ் நாட்டில் 1888-இல் மக்ரோகார்ப்பாவும் வட அமெரிக்க நூட்கா சைப்ரஸும் கலந்து தோன்றியது. அசுர வேகத்தில் வளரும், ஏணி வைத்து ஆண்டுதோறும் வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டு வெயிலை விழுங்கிவிடும். இன்னொன்று ஆஸ்திரேலியாவின் மங்கி ஆப்பிள், நம் நாவல் மரத்தின் இனம். செந்தளிர், பளபளப்பான இலை, குளிர்காலத்தில் இளஞ்சிவப்புக் காய். பழத்தை விழுங்கும் அளவு வாய் பெரிதான கெரெரூ என்னும் காட்டுப்புறா அதைக் காட்டின் உள்ளே கொண்டுசென்றது. பிரிவெட் காட்டின் ஓரத்தில் நிற்கும்; மங்கி ஆப்பிள் நிழலிலும் முளைத்து உள்நாட்டு மரங்களின் கன்றுகளை அமுக்கியது. அதையும் ஆக்லாந்தில் விற்பது தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய வேலிகள் இன்னும் பல மனைகளில் நிற்கின்றன. காய்க்கவிடாமல் வெட்டிக்கொண்டே இருப்பது அல்லது வேரோடு எடுப்பது, இரண்டில் ஒன்றைத் தவிர அவற்றுக்கு வழியில்லை. நாட்டிலிருந்து வெளியே போனதும் உண்டு: செந்தளிருக்காக உலகெங்கும் வேலியாக நடப்படும் ஃபோட்டினியா 'ரெட் ராபின்' நியூசிலாந்தின் மாஸ்டர்டன் ஊரில் தோன்றிய வகை.

1980-களிலும் 1990-களிலும் பணம் படைத்த ரெமுவேரா, பார்னெல், ஹெர்ன் பே தோட்டங்களில் ஐரோப்பிய அரண்மனைப் பாணி திரும்பி வந்தது. வெள்ளை ரோஜாப் பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்தில் பாக்ஸ் எனப்படும் செடியின் வேலி. பாக்ஸ் மெதுவாக வளரும், மிக நேர்த்தியாக வெட்டலாம். ஒரே செடியின் குச்சிகளிலிருந்து லட்சக்கணக்கில் பெருக்கி விற்றார்கள். எல்லாம் ஒரே உடம்பு, ஒரே பலவீனம். 1990-களின் இறுதியில் இலையில் கரும்புள்ளி விழுந்து, தண்டில் கருங்கோடு ஓடி, ஒரே வாரத்தில் வேலி மொட்டையாகும் நோய் தோன்றியது. 2002-இல் அதன் பூஞ்சையை அறிவியல் உலகம் புதிய இனமாக விவரித்தபோது அடிப்படையாக இருந்தவற்றில் நியூசிலாந்திலிருந்து எடுத்த மாதிரியும் ஒன்று. அதே ஆண்டு பிரிட்டனிலும் தனியாக அதற்குப் பெயரிட்டார்கள். உதிர்ந்த இலையில் அந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் காத்திருக்கும். ஆக்லாந்தின் ஈரமான கோடை அதற்கு நல்ல இடம். கத்தரிக்கோலே தோட்டத்துக்குத் தோட்டம் நோயைக் கொண்டுசென்றது. மருந்தடித்துக் காப்பாற்ற முயன்றவர்கள் பலரும் கடைசியில் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பியது உள்நாட்டுக் கோரோக்கியா: சிறு இலை, வசந்தத்தில் மஞ்சள் நட்சத்திரப் பூ, பிறகு சிவந்த மணிக்காய். நூறாண்டுகள் கண்ணெதிரில் நின்ற செடிக்கு இடம் கிடைக்க ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது.

மறைவு வேலியை வளர்த்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1978-ஆம் ஆண்டின் வேலிச் சட்டப்படி, போதுமான எல்லை வேலிக்கு இரு பக்கத்தாரும் செலவைப் பகிர வேண்டும். 2004-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் 2.5 மீட்டர்வரை வேலிக்கு அனுமதி கேட்பதில்லை. ஆனால் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆக்லாந்து ஒருங்கிணைந்த நகரத் திட்டம், குடியிருப்பு மண்டலங்களின் முன்புற வேலியைப் பொதுவாக 1.4 மீட்டரோடு நிறுத்துகிறது. பாதி திறந்திருந்தால், அல்லது முகப்பில் பாதி நீளத்துக்கு மட்டும், 1.8 மீட்டர்வரை போகலாம். தெருவில் நடப்பவருக்கு வீடு தெரிய வேண்டும் என்பது நோக்கம். இந்த அளவு வேலிக்கும் சுவருக்கும்தான், செடிக்கு அல்ல. ஆகவே தெருப்பக்கம் மறைவு வேண்டியவர் தாழ்ந்த வேலிக்குப் பின்னால் செடி நடுகிறார். அதன் உயரம் பக்கத்தாருக்கு அளவுமீறிய நிழலோ பார்வைத் தடையோ ஆனால், 2007-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டப்படி அவர் நீதிமன்றத்தை நாடி வெட்டச் சொல்லலாம். ஒருங்கிணைந்த நகரத் திட்டமே பல மண்டலங்களில் நெருக்கமான அடுக்கு வீடுகளுக்கும் வழிவிட்டதால் வேலிக்கு மிஞ்சும் நிலம் ஓரிரு அடி அகலமாகிவிட்டது. மக்ரோகார்ப்பாவுக்கும் காரோவுக்கும் அங்கே இடமில்லை. அந்த ஒடுங்கிய இடத்தில் நடப்படுபவற்றில் ஒன்று இலையுதிர்காலத்தில் பூக்கும் சசாங்குவா காமெலியா, தேயிலையின் உறவு. 1990-களில் நுழைந்த காமெலியா இதழ்க்கருகலின் காலத்துக்கு முன்பே பூத்து முடிவதால் தப்பிக்கிறது. செண்பகத்தின் இனமான மிச்சீலியாவில் டாரனாக்கியின் ஜூரி குடும்பம் உருவாக்கிய வேலி வகைகள் மணத்தோடு மறைவும் தருகின்றன. தண்டை நீள விட்டுத் தலையை மட்டும் கட்டமாக வெட்டும் ஃபைகஸ் வரிசை, மதிலுக்கு மேல் இரண்டாவது மதிலாக நிற்கிறது. அதன் வேர் வடிகாலைத் தேடிப் போகும் என்பதை நட்டவர்கள் பிறகே அறிகிறார்கள்.

2017-இல் இன்னொரு தடை வந்தது. மே மாதம் வடமுனையின் கெரிகெரி நர்சரி ஒன்றில் மிர்ட்டில் துருநோய் கண்டறியப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் ஆக்லாந்தை எட்டியது. இளந்தளிரில் மஞ்சள் பொடி படியும். காற்று அதைப் பரப்பும். உள்நாட்டு மரங்களான போஹூதுகாவா, ரமரமா, அவற்றோடு ஃபெய்ஜோவா, நாவல் இனங்கள் எல்லாம் அதற்கு இரையாகும் மிர்ட்டில் குடும்பம். ரமரமாவின் செவ்விலை வகைகள் சிறு வேலிக்குப் பெரிதும் விரும்பப்பட்டவை. துரு மோசமாகத் தாக்கியது அவற்றைத்தான். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் வெட்டினால் எழும் புதுத்தளிர் நோய்க்கு உணவாகும் என்பதால், இக்குடும்பத்து வேலிகளைக் குளிர்காலத்தில் மட்டும் வெட்டும்படி தோட்டக்காரர்களுக்கு அறிவுரை தரப்படுகிறது. மானுரேவாவில் 1982 முதல் இயங்கும் ஆக்லாந்து தாவரவியல் பூங்கா, வேலிச் செடிகளை மருந்தடிக்காமல் வரிசையாக நட்டுப் பல ஆண்டுகள் கவனித்து, ஆக்லாந்து மண்ணில் எவை நோயின்றி அடர்கின்றன என்று பதிவு செய்கிறது. நர்சரிக்காரர் சொல்லும் வளர்வேகத்தை மட்டும் கேட்டு வாங்கிய காலம் போய், பத்தாம் ஆண்டில் செடி எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்ய அந்த வரிசைகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன.